கற்றாழைச் சாறும் நீலத் துண்டும்

கயிற்றுப் பட்டறைக்காரனின் மனைவிக்குக் காலையிலிருந்தே வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? ராட்டையைச் சுற்றுகிறவன் அவள் புருஷன். மடி நிறைய நாரைக் கட்டிக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்தபடி பின்னோக்கி நடந்து கயிறு திரிப்பவளோ புதிதாக வேலைக்கு வந்தவள். முழங்கால் வலி வருவதற்கு முன் அந்த நடை இவளுடையது. இப்போது கைக்குத் துணி சுற்றிக்கொண்டு, மூலையில் உட்கார்ந்து கற்றாழை மடலைச் சுரண்டி நார் எடுக்கிறாள்.

வேலையோடு போயிருந்தால் தொலைகிறது என்று விட்டிருப்பாள். அவன் வாயைத் திறந்தான்.

"இதுக்கு ஊருக்கு ஒரு பேரு. ஆனைக் கத்தாழைம்பாங்க. தண்டவாளத்து ஓரமா வெச்சதால ரயில் கத்தாழைம்பாங்க. வேலிக்கும் இதான், துணி வெளுக்கவும் இதான். பூத்த தண்டு காஞ்சா கொட்டகைக்குக் கம்பு. நுனி முள்ளை நாரோட உரிச்சா, ஊசியும் நூலும் தனித்தனியா தேட வேண்டாம்."

"அப்படியாங்க!" என்று சிரித்தாள் புதியவள். முந்தாநாள் வரை 'அண்ணே' போட்டவள்தான்.

இதே முள்ளை உரித்துக் கையில் கொடுத்துத்தான் கல்யாணத்துக்கு முன் இவளையும் மயக்கினான். வேறு பேச்சே கிடைக்கவில்லையா அந்த மனுஷனுக்கு?

சாப்பாட்டு வேளையில் இருவரும் கை கழுவப் போனார்கள். கொடியில் புதியவளின் நீலத் துண்டு தொங்கியது. இவள் ஒரு மடலை ஒடித்து, பச்சைச் சாற்றை அதில் பிழிந்துவிட்டாள். தோலில் பட்டால் தடித்து, நெருப்பாய் அரிக்கும். நாளைக்கு எப்படி மினுக்கிக்கொண்டு வருகிறாள் பார்ப்போம்.

சாயங்காலம் புதியவள் துண்டைப் பையில் திணித்துக்கொண்டு, எதுவுமே ஆகாதவளாக வீட்டுக்குக் கிளம்பினாள். இவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் சட்டையைக் கழற்றினான். கழுத்தெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"என்னன்னே தெரியல, பிடுங்குது. கொஞ்சம் எண்ணெய் எடுத்துட்டு வா."

"மடலைத் தொட்டீங்களா?"

"நான் எங்க தொட்டேன்? நாள் பூரா ராட்டைலதானே இருந்தேன்."

அவள் அவனுடைய பையைப் பார்த்தாள். காலையில் துவைத்துக் கொடுத்த துண்டு மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. சாறு பிழிந்தது ஒரே ஒரு துண்டில்தான்.

"எண்ணெய் எங்கடி?" என்று சொறிந்துகொண்டே கத்தினான்.

அடுக்களையில், நிறைந்த சீசாவைக் கையில் பிடித்தபடி அவள் சொன்னாள்:

"தீந்துபோச்சு."