பயணம் சொல்ல வந்தவர்

எங்கள் வீட்டுக் குவாலிஸை ஸ்டார்ட் செய்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். பழைய டீசல் வண்டி. சாவியைப் பாதி திருப்பி, மீட்டரில் மஞ்சள் விளக்கு அணைகிற வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் முழுதாகத் திருப்ப வேண்டும். உடம்பை ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுக் கடகடவென்று ஓட ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் போதும், என் வீட்டுக்காரர் எங்கே உட்கார்ந்திருந்தாலும் எழுந்து உள்ளே போவார். அலமாரியைத் திறந்து பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு துண்டு எல்லாம் அடைப்பார். சில நாள் டிவி ரிமோட்டும் அதில் போகும். தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்று, "நேரமாச்சு, ஏர்போர்ட்டுக்குக் கெளம்பணும்" என்பார்.

அவர் சவுதியை முடித்துக்கொண்டு குடவாசலுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. வந்தது அவருக்கு மட்டும்தான் தெரியாது.

வண்டி வாங்கியது இரண்டாயிரத்து மூன்றில். அங்கே அவருக்கு ஓர் அரபி வீட்டில் டிரைவர் வேலை. அரபியின் பிள்ளைகளைப் பெரிய வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும், திரும்பக் கூட்டிவர வேண்டும். அந்தத் தடவை லீவில் வந்தவர், "நம்ம புள்ளையும் அப்படிப் போகணும் ஆமினா" என்று ஏழு பேர் உட்காரும் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். எங்களுக்கு இருந்ததோ அஃப்ரீன் ஒருத்தி. "மிச்ச சீட்டுக்கெல்லாம் யாரைப் பெத்துப் போடுறது?" என்று கேட்டேன். சிரித்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விருந்தாளி மாதிரி வந்துபோகிற மனுஷனிடம் அதற்குமேல் என்ன கேட்பது?

அவர் அரபி பிள்ளைகளை ஓட்டிக்கொண்டிருந்தார், எங்களை உள்ளூர் டிரைவர் முருகையண்ணன் ஓட்டினார். நாகூர் கந்தூரி, மயிலாடுதுறையில் நாத்தனார் வீட்டுக் கல்யாணம், ஒருமுறை ஊட்டி. எல்லாவற்றுக்கும் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினோம். வண்டிக்குச் சொந்தக்காரர் அதில் ஏறியது திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகவும், அங்கிருந்து வரவும்தான். அவர் உழைப்பில் ஊரே ஏறி இறங்கியது.

எங்கள் தெருவில் சபர் போகிறவர், அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போகிறவர், கிளம்புமுன் வீடு வீடாக வந்து பயணம் சொல்லிக்கொள்ள வேண்டும். "பயணம் வர்றேன், தெரிஞ்சோ தெரியாமயோ தப்பு செஞ்சிருந்தா மாப்பு செய்யுங்க" என்பார். வீட்டில் இருப்பவர் "நல்லபடியா போய்ட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை கிடைக்காமல் படி இறங்க மாட்டார்கள். பெற்றவள் அழுதுகொண்டே அதைச் சொல்லாமல் இழுத்தடித்ததில் விமானத்தைக் கோட்டை விட்டவர்களும் எங்கள் தெருவில் உண்டு.

அவர் எல்லார் வீட்டுக்கும் போய்ப் பயணம் சொல்லுவார். என்னிடம் மட்டும் சொன்னதே இல்லை. நேராக வந்து முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். நடு சீட்டில் நான் மூக்கைச் சிந்திக்கொண்டே திருச்சி வரைக்கும் போவேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, திரும்பிப் பார்த்திருப்பாரா? கல்லுளிமங்கன் என்று மனசுக்குள் திட்டித் தீர்ப்பேன். அஃப்ரீன்கூட, "அத்தாவுக்கு நம்மள விட்டுட்டுப் போறதுல கஷ்டமே இல்லையாம்மா?" என்று ஒருநாள் கேட்டாள். இல்லை போலிருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

இப்போது மறதி வந்துவிட்டது. நேற்றுச் சாப்பிட்டது, இன்றைக்கு என்ன கிழமை, அஃப்ரீனுக்குக் கல்யாணம் ஆனது, என் அம்மா மௌத்தாகி அடக்கம் ஆனது எல்லாம் போய்விட்டது. போக வேண்டும் என்பது மட்டும் போகவில்லை. மாதம் ஒருமுறை தஞ்சாவூரில் டாக்டரிடம் காட்ட அதே வண்டியில்தான் போகிறோம். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினால் இறங்க மாட்டார். "இது ஏர்போர்ட் இல்லையே" என்பார். கெஞ்சிக் கூத்தாடி இறக்கிக் காட்டித் திரும்பக் கூட்டிவந்தால், "ஃப்ளைட் போயிடுச்சு, அரபி இனிமே சேத்துக்க மாட்டான்" என்று அன்றைக்கு முழுக்கச் சோறு தொட மாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனை வருஷம் போனது போதாதா, புத்தி போன பிறகும் போவதிலேயே குறியா?

ஆனால் கோபம் அடங்கினால் துக்கம்தான் மிஞ்சும். வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று இந்த மனுஷனுக்கு ஒருமுறை தெரிய வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"வண்டிய வித்துடலாம்மா, சத்தம் கேட்டாத்தானே இந்தப் பாடு" என்றாள் அஃப்ரீன். தஞ்சாவூரில் அவள் வீடு. அத்தாவைப் பார்க்க வந்திருந்தாள்.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. அந்த வண்டி அவரைக் கொண்டுபோய் மட்டுமா விட்டது? கூட்டியும் வந்ததே.

முருகையண்ணனிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "செஞ்சு பாப்போம் தங்கச்சி" என்றார். இரண்டு அட்டைப்பெட்டியில் பழைய துணியைப் போட்டுக் கயிறு கட்டினோம். மேலே பட்டையாக அவர் பெயரையும் குடவாசலையும் எழுதினாள் அஃப்ரீன். தெருவில் வீடு வீடாகப் போய் நான் சொல்லிவைத்தேன்: "நாளைக்கு அவர் சவுதியிலேருந்து வர்றாரு. எல்லாரும் வாசல்ல வந்து நில்லுங்க." யாரும் சிரிக்கவில்லை. அதற்கே அவர்களுக்குப் புண்ணியம் உண்டு.

மறுநாள் காலையில் வண்டிச் சத்தம் கேட்டதும் பையோடு வந்து ஏறிக்கொண்டார். திருச்சி வரைக்கும் வழக்கம்போல நேரே பார்த்துக்கொண்டே வந்தார். ஏர்போர்ட்டில் உள்ளிருந்து ஆட்கள் வெளியே வருகிற பக்கமாக அவரைக் கூட்டிப்போய், தள்ளுவண்டியும் பெட்டியுமாக நின்ற சபராளிகள் நடுவில் நிறுத்தினோம். எதிரிலிருந்து முருகையண்ணன் வேகமாக வந்தார். கையைப் பிடித்துக் குலுக்கி, "வாங்க பாய், பயணம் சுகமா?" என்றார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டது அதுதான்.

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்ததை என்ன சொல்ல. "சுகம் முருகையா. வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

வண்டியின் கேரியரில் பெட்டிகளை ஏற்றிக் கட்டியிருந்தோம். அவரே ஒருமுறை கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டார். முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டார். தஞ்சாவூர் தாண்டியதும் ரோட்டோரம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. "குறுவை அறுத்துட்டாங்களா? மழையில மாட்டாம தப்பிச்சுதா?" என்று கேட்டார். "தப்பிச்சுது பாய்" என்றார் முருகையண்ணன். என் வீட்டுக்காரர் இப்படிப் பேசி நான் கேட்டு எத்தனை காலமாயிற்று.

பிறகு அவர் திரும்பினார். அந்த வண்டியில் முன் சீட்டிலிருந்து அவர் திரும்பிப் பார்த்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. நடு சீட்டில் நானும் அஃப்ரீனும் இருந்தோம். அஃப்ரீனைப் பார்த்தார்.

"ஆமினா, முடிச்சிட்டு வந்துட்டேன். இனிமே போகல" என்றார்.

அந்த வயதில் நான் அவளைப் போலத்தான் இருந்தேன். அவள் திகைத்து என்னைப் பார்த்தாள். நான் அவள் தொடையைக் கிள்ளினேன். "ரொம்ப நல்லதுங்க" என்றாள். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு என் பக்கம் பார்த்தார். "மாமி, சுகமா இருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் என் அம்மாவை உரித்து வைத்தாற்போல் இருப்பதாக ஊரே சொல்லும்.

இனிமே போகல என்கிற அந்த ஒரு வார்த்தைக்காக என் வயசையெல்லாம் காத்திருந்து கழித்தேன். வந்தது, பக்கத்துச் சீட்டுக்கு வந்தது. பெற்ற மகளைப் பார்த்து வயிறெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனாலும் சந்தோஷம்தான். யாரிடம் சொன்னால் என்ன, சொல்லிவிட்டார். வந்துவிட்டது அவருக்குத் தெரிந்துவிட்டது.

தெருமுனையில் திரும்பும்போதே ஜனங்கள் வாசலில் நின்றார்கள். கல்யாண மாப்பிள்ளையை இறக்குவதுபோல அவரை இறக்கினார்கள். ஆளாளுக்குச் சலாம் சொல்லிக் கையைப் பிடித்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. எதிர்த்த கடை ஜாஃபர் சாதிக் கல்லாவிலிருந்து எழுந்து ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்தபடியே கேட்டார்:

"வாங்க இப்ராமண்ணே. எத்தனை நாள் லீவு?"

ஜாஃபரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் சபராளியைக் கண்டால் சலாமுக்கு அடுத்து நாக்கில் தானாக வருவது அந்தக் கேள்விதான். கேட்ட பிறகு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். என்ன செய்வது, வார்த்தை வெளியே வந்துவிட்டது.

இவருடைய கைகள் அப்படியே தளர்ந்தன. கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு மாசம்" என்றார் மெதுவாக.

உள்ளே வந்து அஃப்ரீன் பெட்டிக் கயிற்றில் கை வைத்ததும், "பிரிக்காதே ஆமினா, திரும்பக் கட்டணும்" என்றார். அன்றைக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அஃப்ரீன் தஞ்சாவூருக்குப் போய்விட்டாள். சாயங்காலம் அசர் தொழுகை முடிந்த நேரத்தில் முருகையண்ணன் வந்து, "வண்டிய எங்க வீட்டுப் பக்கமே நிறுத்திக்கிறேன் தங்கச்சி, இனிமே சத்தம் கேக்காது" என்றார். நான் சாவியைக் கொடுத்தேன். அவர் எடுத்துக்கொண்டு போக வேண்டுமானால் ஸ்டார்ட் செய்துதானே ஆக வேண்டும். கடைசியாக ஒருமுறை அது வாசலில் கடகடத்தது.

நான் அடுப்படியில் இருந்தேன். அவர் பையோடு வந்து நிலையோரம் நின்றார். தலையில் தொப்பி போட்டிருந்தார்.

"மாமி, பயணம் சொல்லிக்க வந்தேன். ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா மாப்பு செய்யுங்க. ஆமினாவையும் புள்ளையையும் பாத்துக்குங்க."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "ஆமினாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவகிட்ட எப்பவும் சொல்றதில்ல மாமி. சொன்னா அவ போய்ட்டு வாங்கன்னு சொல்லணும். அவ வாயால அதக் கேட்டா என்னால படி எறங்க முடியாது. வண்டியில ஏறுனாலும் அவளத் திரும்பிப் பாக்கறதில்ல. பாத்தா எறங்கிடுவேன். எறங்கிட்டா வீடு எப்படி நடக்கும்?"

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். என் கண்ணெதிரே, என்னை நினைத்து அழுதார்.

நான்தான் ஆமினா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தி என்ன ஆகப்போகிறது, பயந்துபோவார். அவர் அசையாமல் நின்றார். மாமியார் வாயிலிருந்து வர வேண்டிய அந்த வார்த்தைக்குக் காத்திருந்தார். வெளியே வண்டி கிளம்பித் தெருமுனை வரை போகிற சத்தம் கேட்டது.

"உட்காருங்க மாப்ள. ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் பேசலாம்" என்றேன்.

நாற்காலியின் நுனியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு டம்ளர் ஊற்றினேன்.

வண்டி போய்ப் பல நாள் ஆகிறது. இப்போது சத்தம் கேட்க வேண்டியதே இல்லை, அசர் நேரம் ஆனால் பையோடு வந்துவிடுகிறார். பயணம் சொல்கிறார், ஆமினாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். நான் டீ போடுகிறேன். போய்ட்டு வாங்க என்று மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.