மூச்சளவில் ஒரு சுரைக்கூடு

காய்ச்சல் விட்ட பிறகும் ஹெசாகெவுக்குத் தரை இன்னும் முழுதாகத் தரையாகவில்லை. ஆண்கள் மட்டும் தங்கும் வீட்டுக்குள் புகை மெதுவாக மேலேறியது. காய்ந்த சுரைக்காயில் செய்து ஆண்குறிமேல் உடையாக அணிகிற அவனுடைய சுரைக்கூடுகள் கூரையடியில் தொங்கின; நீளமும் குட்டையும் நுனி சுருண்டதுமாக, அந்தப் புகையில் மிதப்பதுபோல் ஒவ்வொன்றாகத் திரும்பின. பாலியம் பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளை மூட்டம். அதற்குள் எங்கோ பன்றி விருந்து சமைப்பதற்காகக் கற்கள் சூடாகிக்கொண்டிருந்தன.

விருந்தில் ஆண்கள் எல்லாரும் திடலைச் சுற்றிக் கூட்டமாக ஓடுவார்கள். முன்னால் ஓடுகிறவன் பாட்டின் முதல் அடியை எறிவான், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். இத்தனை வருடமும் எறிந்தவன் ஹெசாகெ. மனிதனுக்கு விலாவுக்கடியில் பாட்டின் விதைகள் இருக்கின்றன, நோய் வந்தால் அவை வற்றிவிடும் என்பார்கள். அவனுடையவை வற்றிவிட்டதாக ஊரில் பேச்சு. இன்று அவன் முன்னால் நிற்காவிட்டால் அந்த இடம் அடுத்தவனுக்குப் போய்விடும், திரும்பி வராது. நின்று, ஓட்டத்தின் நடுவே கூடு நழுவி விழுந்தாலோ, அதைவிடக் கேவலம். சுரைக்கூடு அணிந்தவன் உடுத்தியவன். அது இல்லாதவன் மனிதர் முன்னால் நிற்க முடியாது.

கூடு நிற்பது இரண்டு கயிறுகளால். அடியில் ஒரு சிறு சுருக்கு அதை உடம்போடு பிடித்துக்கொள்ளும். நடுவிலிருந்து இடுப்பைச் சுற்றிப் போகும் இன்னொன்று அதை நிமிர்த்தி வைக்கும். கீழ்க்கயிறு பிடிக்கும், மேல்கயிறு தூக்கும், அவ்வளவுதான். ஆனால் உடம்பு இளைத்ததிலிருந்து எந்தக் கூடும் அவனிடம் நிற்கவில்லை. வேலியில் புதுக் காய்கள், நேராக நீளட்டும் என்று நுனியில் கட்டிய கல்லோடு, இன்னும் பச்சையாகவே தொங்கின.

அவன் யோசித்தான். சுரைக்காய் அடியில் அகன்று நுனிக்குப் போகப் போக ஒடுங்கும். அடியில் கொஞ்சம் வெட்டினால் வாய் சிறுக்கும். நீளம்தான் போகும். விருந்துக்கென்று வைத்திருந்த நீளக் கூட்டை இறக்கி, மூங்கில் கத்தியால் வளையம் வளையமாக அறுத்தான். விளிம்பைப் பன்றியின் கோரைப்பல்லால் வழவழவென்று சுரண்டினான். போட்டுப் பார்த்தான். வாய் கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு அடி வைத்தான். கூடு முன்பக்கம் சாய்ந்தது.

அந்த நேரம் பார்த்து, மனைவியின் அண்ணன் லோகொப் தாழ்ந்த வாசலில் குனிந்து உள்ளே வந்தான்.

“என்ன மாப்ளே, உனக்கு முன்னாடியே உன் கூடு விருந்துக்குக் கிளம்பிடுச்சா?”

“சும்மா இரு மச்சான். வாய் பெருசா இருந்துச்சு, வெட்டினேன்.”

“எத? அந்த நீளக் கூட்டயா? அடப்பாவி! காய்ச்சல் இன்னும் தலைய விட்டு எறங்கல உனக்கு.”

ஹெசாகெ குனிந்து பார்த்தான். மேல்கயிறு இடுப்பெலும்பில் சரிந்து கிடந்தது. முன்பெல்லாம் அது வயிற்றின் மேட்டில் உட்கார்ந்திருக்கும். வயிறுதான் அதற்கு ஆணி. கயிறு தாழ்ந்தால் பிடி தாழும். பிடி தாழ்ந்தால் நுனியின் கனம் முன்னால் இழுக்கும்.

“வாய் மேல தப்பே இல்ல மச்சான். வயித்ததான் காணோம்.”

“அதத்தான் என் தங்கச்சி கெழங்கு சுட்டுப் போட்டுத் தேடிக்கிட்டிருக்கா.”

கயிற்றை அக்குளுக்குக் கீழே, மார்பைச் சுற்றிக் கட்டினார்கள். கூடு நிமிர்ந்தது. ஹெசாகெ தொண்டையைச் செருமிச் சின்னதாக ஒரு மூச்சு இழுத்தான்; உடனே துள்ளினான்.

“ஐயோ! கடிக்குது!”

பாடும்போது விலா விரியும், கயிறு மேலேறும், கூட்டைத் தூக்கும், அடிச்சுருக்கு சுள்ளென்று இறுகும். தளர்த்திக் கட்டினால் மூச்சு விடும்போது எல்லாம் சரிந்துவிடும். ஹெசாகெ கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கயிற்றை மனதுக்குள் ஏற்றி இறக்கிப் பார்த்தான். புகை அவனைச் சுற்றிப் போயிற்று. மார்புக் கயிற்றை மூச்சு நிறைந்திருக்கும்போது அளந்து கட்ட வேண்டும். மூச்சு காலியாகும்போது அது இறங்காமலிருக்கத் தோள்மேல் ஒரு கிளைக்கயிறு போட வேண்டும்.

“அப்ப நல்லா இழு,” என்று லோகொப் கயிற்றின் இரண்டு முனைகளையும் முதுகுப்பக்கம் பிடித்துக்கொண்டான்.

ஹெசாகெ இழுக்கவில்லை. படுத்ததிலிருந்து அவன் ஒரு முழு மூச்சு இழுத்ததே இல்லை. இருமல் வரும் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தான். உள்ளே கைவிட்டுப் பார்த்து, பாட்டின் விதை ஒன்றுகூட இல்லை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவனுடைய பயம்.

“இழுத்துட்டியா?”

“இழுத்துட்டேன்.”

“இது மூச்சா? பன்னிக்குட்டி கொட்டாவி விட்டா இதவிடப் பெருசா வரும்.”

சிரிப்பு வந்தது. சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு மூச்சும் உள்ளே வந்தது. ஈரமூட்டமும், சூட்டுக்கல்லும், வெந்த இலையும் மணக்கிற மூச்சு. விலாக்கள் ஒவ்வொன்றாக ஒன்றைவிட்டு ஒன்று விலகின. லோகொப் கயிற்றை விட்டுக் கொடுத்தான். மறுபடியும் கொடுத்தான்.

“போதுமா?”

ஹெசாகெ தலையை மட்டும் ஆட்டினான். இன்னும் இருந்தது. மலைச்சரிவில் மூட்டம் ஏறுவதுபோல் அது தோள்வரை ஏறி நின்றது. இருமல் வரவில்லை. லோகொப் முடிச்சுப் போட்டான்.

இழுத்த மூச்சை வெளியே விட வேண்டுமே. விட்டான். அது வெறும் மூச்சாகப் போகாமல் பாட்டின் முதல் அடியாகப் போயிற்று, நீண்டு, கொஞ்சம் கரகரத்து. கூடு மார்போடு சேர்ந்து மெல்லத் தாழ்ந்தது, கடிக்கவில்லை. வெளியே மூட்டத்துக்குள்ளிருந்து, முகம் தெரியாத அத்தனை ஆண்களும் இரண்டாம் அடியைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஹெசாகெ வாசலில் குனிந்து வெளியேறி ஓடத் தொடங்கிவிட்டான்.

“டேய், நில்லுடா! தோள் கயிறு இன்னும் கட்டல!”

அவன் நிற்கவில்லை. அடுத்த அடி ஏற்கெனவே நெஞ்சில் நிறைந்துகொண்டிருந்தது. கூடு சரியாமலிருக்க, லோகொப் அந்தத் தோள்கயிற்றின் நுனியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, திட்டிக்கொண்டே, திடலின் முதல் சுற்று முழுவதும் அவன் பின்னாலேயே ஓடினான்.