பப்பாளிக் காம்பு

உலக மக்களே, அதிலும் செங்கல்பட்டு ஜில்லாவின் கடலோர மக்களே, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மகாபலிபுரத்துக்குத் தெற்கே மணல்மேட்டுக் குப்பத்தில், பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய மகத்தான நிகழ்ச்சி ஒன்று நடந்தேறியது. குப்பத்தில் பொன்னுக்குத் தட்டுப்பாடு இருந்தபடியால், வலைக்கொட்டகைச் சுவரில் அடுப்புக்கரியால் எழுதினார்கள்: "சிங்காரம் குடியை விட்டான்."

எழுதியவன் சடையன். சிங்காரத்தோடு ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன், மச்சான் முறை. எழுதும்போது அவன் எந்த நிலையில் இருந்தான் என்பது எழுத்துகளின் சாய்விலேயே தெரிந்தது.

செங்கல்பட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அதன் பின்கட்டில் சிங்காரத்தை மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். முதலில் கட்டிலோடு கட்டிப்போட்டார்கள். பிறகு ஊசி, கஞ்சி, ஜெபம். வெளியே அனுப்பும்போது டாக்டர் அவன் ஈரலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னார்: "இனிமே குடிச்சா இங்க வராதே. நேரா சுடுகாட்டுக்குப் போயிடு, பஸ் செலவு மிச்சம்." நர்ஸ் மேரி கொஞ்சம் இரக்கமுள்ளவள். "பத்தாவது டம்ளர் உன்னைக் கொல்லாது சிங்காரம். முதல் டம்ளர்தான் கொல்லும். அதை மட்டும் தொடாதே" என்றாள். பழம் சாப்பிடவும் சொன்னாள். சிங்காரம் வீட்டு வாசலில் ஒரு பப்பாளி மரம் நின்றது. வாசகர்கள் இந்த மரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சாட்சி சொல்ல வரும்.

அவன் மனைவி ஆதியம்மாள் திருப்போரூர் வரைக்கும் மீன்கூடை சுமக்கிறவள். தன் பங்குக்கு அவளும் சொல்லிவைத்தாள்.

"ஒரு சொட்டு உள்ள போச்சு, நெம்மேலில எங்கண்ணன் வூட்டுக்குப் போய்க்கினே இருப்பேன். நீ செத்தாலும் வந்து அழ மாட்டேன், ஆமா."

காலையில் அவன் வாயை மோந்து பார்த்த பிறகுதான் அடுப்பு மூட்டுவாள்.

குடியை விட்டவனைக் குப்பம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருக்க வேண்டும். ஆடவில்லை. குடிக்கும் காலத்தில் சிங்காரம் எல்லோருக்கும் வேண்டியவன். விழுந்தால் சிரிக்கலாம், உதைத்தால் மறுநாள் ஞாபகம் இருக்காது. இப்போதோ, நேற்று சொன்னதை இன்றைக்கு ஞாபகம் வைத்திருக்கும் கெட்ட பழக்கம் அவனைத் தொற்றிக்கொண்டது. "பெரிய வஞ்சிரம் ரெண்டு நம்ம பங்குல இருந்துச்சே மச்சான், ஒண்ணு எங்க போச்சு?" என்று சடையனைக் கேட்டான். நட்பில் கேட்கக்கூடிய கேள்வியா இது?

"ஆஸ்பத்திரிக்குப் போய் மனுசனாட்டம் வந்துகீறான்னு பாத்தா, போலீஸ்காரனாட்டம் வந்துகீறான்" என்றான் சடையன்.

சர்க்கார் சாராயக் கடைகளைத் திறந்து, ஜனங்களுக்கு ருசி காட்டி, மறுபடி இழுத்து மூடியிருந்த சமயம் அது. ஆனால் பாவாடைராயனுக்கு மதுவிலக்குச் சட்டத்தைப் பற்றி யாரும் தெரிவிக்கவில்லை. கன்னியம்மன் கோயில் வாசலில் காவல் நிற்கிற சாமி அவர். அம்மனுக்குப் பொங்கல், அவருக்குச் சுருட்டும் ஒரு குடம் சாராயமும். ஆடித் திருவிழாவில் குடம் வைத்தால்தான் கடல் மீன் கொடுக்கும் என்பது குப்பத்தின் பொருளாதாரக் கொள்கை.

திருவிழா நெருங்கினால் போலீஸ் குடிசை குடிசையாகக் கம்பியால் குத்திப் பார்க்கும் என்பதால் குடத்தை முன்கூட்டியே வாங்கி ஒளித்துவைக்க வேண்டும். யார் வீட்டில் வைப்பது என்பதுதான் தீராத சிக்கல். யார் வீட்டில் வைத்தாலும் சாமிக்கு முன்னால் வீட்டுக்காரன் தனக்கே படைத்துக்கொண்டான். போன வருஷம் பாவாடைராயனுக்குக் கிடைத்தது குடத்தின் ஈரம்.

ஆகவே பக்தவச்சலம் பஞ்சாயத்தைக் கூட்டினார். குப்பத்துத் தலைவர்; நாட்டார் என்பது பதவி. மகாபலிபுரத்தில் மந்திரி ஒருவர் பேசியதை ஒருமுறை கேட்டதிலிருந்து அவருக்குச் சாதாரணமாகப் பேச வராது.

"பெரியோர்களே! தாய்மார்களே! நம்ம குலத்தின் மானம் ஒரு குடத்துல கீது. அந்தக் குடத்தைக் காக்க ஒரு உத்தமன் வேணும். கீறான்! சுவத்துலயே எழுதிகீது!"

கைதட்டல். குடிக்காத ஒரே ஆளிடம் சாராயத்தைக் கொடுத்துவைப்பது. இதைவிட நியாயமான தீர்ப்பை ஹைகோர்ட்டில்கூட எதிர்பார்க்க முடியாது. குடிக்காதவன் வீட்டைப் போலீசும் குத்தாது.

"வாணாம் நாட்டாரே" என்றான் சிங்காரம். "வாசனை அடிச்சாலே எனக்கு ஆவாது."

"சாமி காரியத்துக்கா மாட்டேன்றே? உன்னை நம்பினாத்தான் உனக்கு மருவாதி. நம்பலன்னா வேற."

"வேற" என்றால் ஊர்க்கட்டு. கட்டுமரத்தில் ஏற்ற மாட்டார்கள், அவன் வீட்டு மீனைத் தொட மாட்டார்கள், நெருப்புக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

கருங்குழிப் பக்கம் காய்ச்சிய சரக்கு லாரி டியூபில் வந்து இறங்கியது. சுத்தி செய்து முத்திரை போடுவதற்காக அது முதலில் நாட்டார் வீட்டுக்குப் போனது. மறுநாள் குடமாக வெளியே வந்தது. வாயில் களிமண் பூசி, மஞ்சள் நூல் சுற்றி, களிமண்ணில் நாட்டாரின் கட்டைவிரல் பதித்திருந்தது. பாவாடைராயனே இறங்கி வந்தாலும் அனுமதி கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

குடத்தைச் சிங்காரம் வீட்டு மூலையில் வைத்தார்கள். அன்றிலிருந்து அவன் வீட்டுக்குள் உட்காரவில்லை. கடலிலிருந்து வந்தால் பப்பாளி மரத்தடியில், உச்சி வெயிலில் உட்கார்ந்தான். தலைக்கு மேலே பழம், முதுகுக்குப் பின்னால் குடம். வாசனையே வரவில்லை, ஆனாலும் அவனுக்கு வந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். நாக்கு வறண்டால் பப்பாளியைத் தின்றான். தின்று தின்று வயிற்றுப்போக்கு வந்தது. "முதல் டம்ளர், முதல் டம்ளர்" என்று முனகிக்கொண்டே இருந்தான்.

"இன்னா மச்சான், உள்ள புதுப்பொண்டாட்டி வந்துகீதாமே? வெளியவே குந்திகினுகீறே!" என்று போகிறவர்கள் கேட்டார்கள்.

ஆதியம்மாள் காலையில் மட்டுமல்ல, மாலையிலும் மோந்து பார்த்தாள். ஒருநாள் மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். வாயில் பப்பாளி வாசனை மட்டும்தான் அடித்தது. சிங்காரம் ஜெயித்தான் என்று அந்தக் குப்பத்தில் அறிந்த ஒரே ஜீவன் அவள்.

திருவிழா வந்தது. பம்பை அடித்தார்கள். நாட்டார் எல்லோரும் பார்க்க முத்திரையை உடைத்து, டம்ளரில் மொண்டு, சாமி முன்னால் வைக்குமுன் வழக்கப்படி நாக்கில் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நாடகக் கம்பெனியே வந்து போனது.

"தண்ணி! கெணத்துத் தண்ணி!"

குப்பம் சிங்காரத்தைப் பார்த்தது.

"நான் தொடல" என்றான்.

"முத்திரை முழுசா இருந்துச்சே, நீங்கதானே இப்ப ஒடைச்சீங்க!" என்று கத்தினாள் ஆதியம்மாள். "வேணும்னா எம்புருசன் வாயை மோந்து பாருங்க!"

"முத்திரை முழுசாத்தான் இருந்துச்சு. அதுதாம்மா விசயமே" என்றார் நாட்டார் பொறுமையாக. "ஒடைக்காம குடிக்கத் தெரிஞ்சவன் எவன்? அவன் வூட்டு வாசல்ல நிக்கிற மரம் இன்னா மரம்?"

"பப்பாளி!" என்றது கூட்டம்.

"பப்பாளி எலைக் காம்பு உள்ள எப்டி கீது?"

"ஓட்டையா கீது!"

"மண்ணுல சின்னதா துளை போட்டான். காம்பை விட்டான். உறிஞ்சினான். அதே காம்பால தண்ணிய ஊத்தினான். துளையப் பூசினான். நாளெல்லாம் அந்த மரத்தடியிலயே குந்திகினு இருந்தானா இல்லியா? எல்லாரும் பாத்தீங்களா இல்லியா?"

எல்லோரும் பார்த்திருந்தார்கள். சடையன் முதலில் கை தூக்கினான்.

நாட்டார் வீட்டில் குடம் ஒரு ராத்திரி தங்கியது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. நேற்று நடந்ததை நினைவு வைத்திருக்கும் பழக்கம் அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்குத்தான் உண்டு. அவன் வாயைத் திறந்தான். சாமியின் சரக்கை நாட்டார் குடித்தார் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அப்புறம் கடல் இல்லை, கட்டுமரம் இல்லை. வாயை மூடிக்கொண்டான். மணலில் விழுந்து கும்பிட்டான்.

நாட்டார் உருகிப்போனார். தெய்வாதீனமாக அவர் வீட்டில் இன்னொரு குடம் இருந்தது. "நாளைக்கு ஒரு ஆபத்துன்னா வேணுமேன்னு எடுத்து வச்சேன்" என்றார். அவருடைய தொலைநோக்கைக் குப்பம் மெச்சியது. இந்தக் குடத்திலிருந்து வாசனை நன்றாகவே வந்தது. பாவாடைராயன் முன்னால் வைத்து எடுத்த டம்ளரை நாட்டார் சிங்காரத்திடம் நீட்டினார்.

"சாமி மன்னிச்சிட்டாரு. பிரசாதம். வாங்கிக்கினா நீ ஊரோட. வாங்கலன்னா நீ ஊர்ல இல்ல."

சிங்காரம் ஆதியம்மாளைப் பார்த்தான். அவள் தன் காலியான மீன்கூடையைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். நெம்மேலி அண்ணன் வீட்டில் எத்தனை நாள் சோறு போடுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"வாங்கிக்கோ" என்றாள்.

வாங்கினான். நர்ஸ் மேரி சொன்னது சரி. பத்தாவது டம்ளர் ஒன்றும் கஷ்டமாக இல்லை. சிங்காரம் பம்பைக்கு முன்னால் ஆடினான், விழுந்தான். குப்பம் கைகொட்டிச் சிரித்தது. "வந்துட்டான்டா நம்ம பழைய சிங்காரம்!" என்று சடையன் அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான். பிறகு தள்ளாடிப் போய், கொட்டகைச் சுவர் எழுத்துக்குக் கீழே கரியால் ஒரு சொல்லைச் சேர்த்தான்: "வாபஸ்."

ஐப்பசி மழையில் சுவர் எழுத்து கரைந்தது. கார்த்திகையில் சிங்காரம் வயிறு வீங்கிச் செத்தான். டாக்டர் சொன்னபடியே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பஸ் செலவு மிச்சம். ஆதியம்மாள் அழுதாள். நாட்டார் இரங்கல் உரை ஆற்றினார். சடங்குக்குக் குடம் அவர் வீட்டிலிருந்தே வந்தது.

அந்த வருஷம் மீன் படவில்லை.