ஜோசையா ஹோல்கமின் சவப்பெட்டி

டாமராக் பள்ளத்தாக்கில் ஹோல்கம் என்ற பெயரைச் சொன்னால் எதிரில் வருபவர் தொப்பியைத் தொடுவார். தேவாலயத்தின் முதல் வரிசை எங்களுடையது. எழுதிவைத்த உரிமை இல்லை. ஆனாலும் தொண்ணூறு ஆண்டுகளாக வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. நான் ஆர்வில் ஹோல்கம். வயது எழுபத்தெட்டு. இன்னும் என் வேலியை நானே பழுது பார்க்கிறேன்.

மே மாதம் பத்தாம் தேதி, சனிக்கிழமை, வேலிக்கம்பம் நட்டுக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் வட்டாரக் காவல் தலைவன் டெல் புருயிட் வண்டியை நிறுத்தி இறங்கினான்.

"மிஸ்டர் ஹோல்கம், கொஞ்சம் உக்காந்து பேசலாமா?"

"நின்னுகிட்டே சொல்லு, டெல். கெட்ட சேதியை உக்காந்து கேக்கற வழக்கம் எங்க வீட்ல கிடையாது."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றினான். "வேட் நேத்து வீடியோ போட்டிருக்கான். மலைமேல எந்த அதிகாரி கால் வெச்சாலும் சுடுவேன்னு. திங்கக்கிழமை நண்பகல் மேலிடத்து ஆளுங்க கைது ஆணையோட ஏறப்போறாங்க. என் கையில ஒண்ணுமில்ல. வேட் சுட்டா அவங்க திருப்பிச் சுடுவாங்க. உள்ள மார்லாவும் ரெண்டு பொண்ணுங்களும் இருக்காங்க."

வேட் என் ஒரே மகன். மார்லா அவன் மனைவி.

"திங்கக்கிழமை வரைக்கும் யாரையும் ஏறவிடாதே" என்றேன்.

"நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"அது எங்க வீட்டு விஷயம்."

மகன் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேட் இரண்டு முறை போருக்குப் போய்த் திரும்பினான். ஆனால் முழு ஆளாகத் திரும்பவில்லை. கொட்டகைக் கதவு அறைந்தால் தரையில் படுத்துவிடுவான். அந்த நேரத்தில்தான் டெக்ஸ்டர் ராய்ஸ் என்பவன் எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்தான். கடைசிக் காலத்துக்கு என்று இருபத்தைந்து வருடம் கெடாத உலர்ந்த அவரையையும் முட்டைப் பொடியையும் டப்பாவில் விற்றுக்கொண்டு வந்தவன். பிறகு டப்பாவை விட்டுவிட்டு கடைசிக் காலத்தையே விற்கத் தொடங்கினான். உலக முடிவைச் சொல்லும் வேதாகமக் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை விரல் நுனியில் வைத்திருந்தான். என் மகனுக்குத் தூக்கம் வராத காரணத்தை அவன் ஒருவன்தான் சொன்னானாம்: "நீ தூங்கக் கூடாதுன்னு கர்த்தர் நெனைக்கிறார். நீ காவல்காரன்."

இரண்டே வருடத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். தங்களை 'மீதியானவர்கள்' என்று அழைத்துக்கொண்டார்கள். ஓட்டுநர் உரிமம், பிறப்புச் சான்றிதழ், வரிக் காகிதம் எல்லாவற்றையும் மிருகத்தின் முத்திரை என்று சொல்லி இரும்புப் பீப்பாயில் போட்டு எரித்தார்கள். அரசாங்கம் எழுதியது எதுவும் செல்லாது. குடும்ப வேதாகமத்தில் எழுதியதும் கல்லறைக் கல்லில் வெட்டியதும் மட்டுமே சத்தியம். அதனால்தான் கிறிஸ்துமஸ் அன்று வேட் என் அலமாரியிலிருந்து எங்கள் குடும்ப வேதாகமத்தை எடுத்துப் போனான். கேட்காமல். அந்த அலமாரி இடம் ஐந்து மாதமாகக் காலியாக இருந்தது.

எங்கள் கோடை மேய்ச்சல் நிலம் மலைமேல் இருக்கிறது. அங்கிருந்த குடிசையில்தான் அவர்கள் குடியேறியிருந்தார்கள். அங்கே என் தாத்தா ஜோசையாவின் கல்லறை. கல்லில் வெட்டியிருப்பது இது: 'தேவனுடைய சாட்சி. மார்ச் 21, 1932 அன்று ஜெபத்தில் நித்திரையடைந்தார்.' வேதாகமத்தின் முன்பக்கத்திலும் அதே தேதி. ராய்ஸ் அதைப் பிடித்துக்கொண்டான். வேதத்தில் இரண்டு சாட்சிகள் ஆயிரத்திருநூற்றறுபது நாள் தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள். மிருகம் அவர்களைக் கொல்கிறது. மூன்றரை நாளில் எழுகிறார்கள். முதல் சாட்சி ஜோசையா, இரண்டாம் சாட்சி வேட் என்றான். மூன்றை மூன்றால் பெருக்கி மறுபடி மூன்றால் பெருக்கி, கல்லில் இருந்த தேதியிலிருந்து இருபத்தேழு முறை அந்த நாட்களை எண்ணினான். மே பன்னிரண்டு, திங்கட்கிழமை வந்தது.

ஆக, என் மகன் சுடப்படுவதற்காகக் காத்திருந்தான். மூன்றரை நாளில் எழுந்துவிடுவோம் என்று நம்பி.

சனிக்கிழமை சாயங்காலம் சமையலறை மேசைமேல் ஒரு புகையிலைத் தகரப்பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் அப்பா எஸ்ரா சாகும்முன் அதை என்னிடம் கொடுத்து, யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கினார். நாற்பத்துநான்கு ஆண்டுகள் காத்தேன். என் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. அவள் தெரியாமலே போய்ச் சேர்ந்தாள். எங்கள் பெயர் நிற்பது அந்தப் பெட்டி மூடியிருப்பதால்தான் என்று நம்பினேன். பெயரா பிள்ளையா என்று யோசிக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. அதை மறைக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குப் போகவில்லை. அறுபது வருடத்தில் முதல் முறை. தேவாலயத்துக்குப் போகும் கோட்டையும் கழுத்துப்பட்டையையும் அணிந்துகொண்டு, கடப்பாரையையும் மண்வெட்டியையும் வண்டியில் போட்டு மலை ஏறினேன்.

மேய்ச்சல் நிலத்து வாசலில் மரத்தடிகளை அடுக்கித் தடுத்திருந்தார்கள். பட் ரோலின்ஸ் துப்பாக்கியோடு நின்றான். குதிரைக்கு லாடம் அடிப்பவன். என் குதிரைகளுக்கும் அவன்தான்.

"மேல போக முடியாது, மிஸ்டர் ஹோல்கம். உத்தரவு."

"யாரோட நிலத்துல நின்னுகிட்டு யாருக்குடா உத்தரவு சொல்ற? அந்தக் குழலைக் கீழ இறக்கு. போன மாசம் நீ லாடம் அடிச்ச குதிரை இன்னும் நொண்டுது. முதல்ல அதுக்குப் பதில் சொல்லு."

"அது... ஆணி கொஞ்சம்..."

"தடியை நகர்த்து."

நகர்த்தினான்.

கல்லறை, குடிசைக்கு எதிரே ஊற்றின் மேட்டில் இருக்கிறது. பெரிய கல்லின் பக்கத்தில் தேதி இல்லாத இரண்டு சின்னக் கற்கள்: லாட்டி, ஹைரம். என் அப்பாவின் தங்கையும் தம்பியும். தொண்டை அடைப்பான் நோயில் போனவர்கள் என்று சொல்லித்தான் வேட்டை வளர்த்தேன். வருடம் தவறாமல் மே கடைசியில் நாங்கள் வந்து இந்த மூன்று கல்லையும் தேய்த்துக் கழுவிப் பூ வைப்போம். லாட்டியின் கல் சின்ன வயதிலிருந்தே வேட்டின் பொறுப்பு.

நான் கோட்டைக் கழற்றி மடித்துக் கல்மேல் வைத்துவிட்டுக் கடப்பாரையைப் போட்டதும் குடிசையிலிருந்து எல்லோரும், வாசலிலிருந்து பட்டும் ஓடி வந்தார்கள். முன்னால் வேட். தாடி நெஞ்சுவரை.

"அப்பா! என்ன பண்றீங்க?"

"தோண்டறேன்."

"சாட்சியோட கல்லறை அது!"

"இதுல சாட்சியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இதுக்குள்ள யாருமே இல்லடா."

ராய்ஸ் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே வந்தான். அவன் சிரிப்பு எப்போதும் அவனுக்கு ஒரு அடி முன்னால் வரும். "பெரியவரே, உங்க வயசுக்கு வெயில் ஒத்துக்கலபோல. அன்னையர் தினமும் அதுவுமா கோயிலுக்குப் போகாம கல்லறைத் திருட்டா?"

"உன்கிட்ட நான் பேசல. இது என் குடும்பத்து மண். நீ டப்பா விக்க வந்தவன், ஓரமா நில்லு."

ஓரிருவர் சிரிப்பை அடக்கினார்கள். ராய்ஸின் முகம் கொஞ்சம் சிவந்தது. பிறகு கைகளை விரித்தான். "தோண்டட்டும்! சாட்சியின் எலும்புகள் நாளைக்கு நமக்குக் கொடியா இருக்கட்டும்!"

மேல்மண் இளகியிருந்தது. ஒரு முழம் கீழே மண் இன்னும் பனியில் உறைந்து இறுகிக் கிடந்தது. நான்கு போடு போட்டதும் என் தோள் விட்டுப்போயிற்று. ஆனாலும் நிமிர்ந்தேதான் நின்றேன். ஐந்தாவது போட்டில் கடப்பாரையை யாரோ பிடித்தார்கள். வேட்.

"தள்ளுங்க" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "அப்பன் தோண்டறதை மகன் நின்னு பாத்தான்னு பேர் வேண்டாம்."

தலை கலங்கினாலும் ஹோல்கம் ரத்தம் கலங்கவில்லை.

ஒரு மணி நேரம் தோண்டினான். துப்பாக்கியைக் கல்லில் சாய்த்துவிட்டுத் தோண்டினான். பலகை தட்டுப்பட்டதும் எல்லோரும் நெருங்கி வந்தார்கள். மார்லாவும் பெண்களோடு குடிசை வாசலில் வந்து நின்றாள். மூடியை நெம்பி எடுத்தான்.

ஊற்றிலிருந்து எடுத்த கற்கள். அவற்றின்மேல் மக்கி மஞ்சளான துணிகள். வேட் ஒன்றை எடுத்து உதறினான். நீளமான அங்கி. மாவு மூட்டைத் துணியில் தைத்தது. முதுகில் ஆலையின் பெயரும் 'நாற்பத்தெட்டு பவுண்ட்' என்ற எழுத்தும் மங்கலாகத் தெரிந்தன. இன்னொன்றை எடுத்தான். அது அவன் கை நீளம்கூட இல்லை.

"கல்லறை காலி!" ராய்ஸ் முழங்கினான். "எழுந்துட்டார்! வெள்ளை அங்கிகள்! கண்ணால பாத்தீங்களா, சகோதரரே!"

இரண்டு பேர் மண்டியிட்டுவிட்டார்கள். நான் பொறுமையாகக் கோட்டுப் பையிலிருந்து புகையிலைப் பெட்டியை எடுத்துத் திறந்தேன்.

"எழுந்தது உண்மைதான்" என்றேன். "எழுந்து ரயிலேறிக் கடற்கரைப் பக்கம் போய், மீன் டப்பாவில அடைக்கிற ஆலையில பதினொரு வருஷம் வேலை செஞ்சான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்து மூணுல எங்க பாட்டிக்கு எழுதின கடிதம் இது. மோட்சத்துக்குப் போனவன் கம்பளிக் காலுறை அனுப்பச் சொல்லி எழுதுவானா, ராய்ஸ்?"

"பொய்! அரசாங்கத் தபால் முத்திரை! மிருகத்தோட முத்திரை!"

"முத்திரையை விடு. எழுத்தைப் பாரு. வேட், போய் நம்ம வேதாகமத்தை எடுத்துட்டு வா. முன்பக்கத்துல தாத்தா தன் கையால பிள்ளைங்க பிறந்த தேதி எழுதியிருக்கார். அதை மட்டும்தானே நம்பறீங்க? பக்கத்துல வெச்சுப் பாரு."

மார்லா உள்ளே போய் எடுத்து வந்தாள். வேட் இரண்டையும் கல்லின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஜோசையாவின் எழுத்தில் 'ஹ' கொக்கி போட்டுச் சுருண்டிருக்கும். ஹோல்கம், ஹைரம். கடிதத்தின் கீழும் அதே கொக்கி.

அப்போதுதான் சொன்னேன். நாற்பத்துநான்கு வருடம் என் பற்களுக்குப் பின்னால் இருந்ததைப் பன்னிரண்டு அன்னியர் முன் நின்று சொன்னேன். என் தாத்தாவும் நாள் குறித்தவர். அவரும் ஆயிரத்திருநூற்றறுபதைப் பெருக்கியவர். பதினொரு குடும்பங்களை இந்த மேட்டுக்கு அழைத்து வந்து, மாவு மூட்டை அங்கியோடு பனியில் நிற்கவைத்தார். நெருப்பு மூட்டுவது அவிசுவாசம் என்றார். விடிந்தபோது கர்த்தர் வரவில்லை. ஆறு வயது ஹைரமும் நாலு வயது லாட்டியும் விறைத்துக் கிடந்தார்கள். தாத்தா ஊற்றுக்குப் போவதாகச் சொல்லி இறங்கினார். திரும்பவில்லை. என் பாட்டி டெம்பரன்ஸ், சவப்பெட்டியில் கல்லை நிரப்பினாள், அங்கிகளை வைத்தாள், கணவன் ஜெபத்தில் செத்தான் என்று கல் வெட்டினாள். மற்றவர்களுக்கும் வெட்கம், வாய் திறக்கவில்லை. மீதிப் பிள்ளைகளை அந்தப் பொய்யை வைத்துக்கொண்டே தலைநிமிர வளர்த்தாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பொய் இன்றைக்கு என் மகனைக் கேட்கிறது. கொடுக்கமாட்டேன்.

வேட் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தான். உதடுகள் அசைந்தன. பிறகு சத்தமாக ஒரு வரி: "'கணக்கில் பிழை எதுவும் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.'" காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான். "பிள்ளைங்களப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே, அப்பா. எங்க எழுதியிருக்கார்?"

"எங்கயும் இல்ல. மூணு கடிதம் இருக்கு. மூணுலயும் இல்ல."

அவன் குனிந்து அந்தச் சின்ன அங்கியை எடுத்தான். லாட்டியின் கல்லைப் பார்த்தான். பிறகு குடிசை வாசலில் நின்ற தன் பெண்களைப் பார்த்தான்.

"ராய்ஸ், நாளைக்கு என் பொண்ணுங்க எங்க நிக்கணும்னு சொன்ன?"

"சாட்சியோட பக்கத்துல. அதுதான் எழுதப்பட்ட..."

"எங்க?"

ராய்ஸ் பதில் சொல்லுமுன் மார்லா சொன்னாள். "வாசல்கிட்ட. முன்வரிசையில. குழந்தைங்களப் பாத்தா சுடமாட்டாங்கன்னு எங்கிட்ட சொன்னாரு. கர்த்தர்கிட்டேருந்து உங்களுக்கு உத்தரவு வந்திருச்சுன்னும் சொன்னாரு. நான் ரெண்டு நாளா பையைக் கட்டி வெச்சிருக்கேன், வேட். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

அவள் என்னிடம் திரும்பினாள். "மாமா, உங்க வண்டியில இடம் இருக்கா?"

"அதுக்குத்தாம்மா கொண்டு வந்தேன்."

வேட் கல்லில் சாய்த்திருந்த துப்பாக்கியை எடுத்தான். ராய்ஸ் ஓரடி பின்வாங்கினான். என் மகன் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெறும் துப்பாக்கியை என் கையில் கொடுத்தான்.

"நான் செத்து எழுந்திருக்க வேண்டியவன் இல்லையாப்பா?"

"நீ வீட்டுக்கு வந்து தாடியை எடுக்க வேண்டியவன்."

பட் ரோலின்ஸ்தான் முதலில் சிரித்தான். பிறகு அழுதான். பிறகு தன் துப்பாக்கியையும் என் வண்டியில் வைத்தான்.

மதியம் இரண்டு மணிக்கு நாங்கள் இறங்கினோம். என் பழைய வண்டி முன்னால், பின்னால் ஏழு வண்டிகள். எண்பலகைக்குப் பதில் வசன எண் எழுதிய மரப்பலகைகளோடு தேவாலயத்தைக் கடந்தோம். ஆராதனை முடிந்து, அன்னையர் தினத்துக்குச் சட்டையில் பூக் குத்திக்கொண்டு பெண்கள் புல்வெளியில் நின்றிருந்தார்கள். ஊரே பார்த்தது. நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன். டெல் புருயிட் சாலையின் நடுவில் வந்து நின்று தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தான். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதை முதலில் வைப்பேன்.

ராய்ஸ் இரண்டு பேரோடு மேலேயே இருந்தான். திங்கட்கிழமை பதினொன்றரைக்கு அந்த இரண்டு பேரும் இறங்கினார்கள். பதினொன்று ஐம்பதுக்கு அவனும் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். எக்காளம் எதுவும் கேட்கவில்லை என்று டெல் சொன்னான். ராய்ஸ் கேட்டதெல்லாம் குடிக்கத் தண்ணீர்.

வேட் வீடியோவில் விட்ட மிரட்டலுக்கு நீதிமன்றத்தில் தலைகுனியாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். எட்டு மாதம். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் அது எங்கள் வரிசைதான்.

அந்த மே கடைசியிலேயே புதுக் கற்கள் நட்டோம். லாட்டிக்கும் ஹைரமுக்கும் தேதியும் காரணமும் வெட்டியாயிற்று. ஜோசையாவின் கல்லைப் பெயர்த்து ஊற்றின் ஓரம் மாடுகள் மிதிக்கும் சேற்றில் படியாகப் போட்டேன். ஞாயிறன்று தேவாலயத்தில் எழுந்து நின்று முழுக் கதையையும் சொன்னேன். முடித்தபோது பின்வரிசையில் ஒரு கிழவர் எழுந்தார். அந்தப் பதினொரு குடும்பங்களில் ஒன்றின் பேரன். "எங்க வீட்லயும் ஒரு அங்கி இருக்கு" என்றார்.

வேதாகமம் இப்போது மறுபடியும் என் அலமாரியில் இருக்கிறது. முன்பக்கத்தில் மார்ச் 21, 1932 என்ற வரியை என் கையாலேயே மையால் கோடு போட்டு அடித்தேன். அதன் கீழே நடந்ததை நடந்தபடி எழுதினேன். அதற்கும் கீழே மே 12, 2025 என்று தேதி போட்டு ஒரு வரி சேர்த்தேன். பிறப்பும் இறப்பும் மட்டுமே எழுதும் பக்கம் அது. என்றாலும் எழுதினேன்:

இன்று இந்தக் குடும்பத்தில் யாரும் சாகவில்லை.