சாமித் தட்டுக்குக் கீழே ஓர் ஓவன்

“என்னவோ சொல்ல வந்தனீர். சொல்லும்.”

“ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லாததுக்கே காரை ஓரங்கட்டினனீர்?”

“இல்லை... வீட்டிலை ஓவன் பழசாப் போச்சு. கேக் ஒரு பக்கம் கருகுது, மற்றப் பக்கம் மாவாக் கிடக்குது.”

தாரகன் வாய்விட்டுச் சிரித்தான். “இதைச் சொல்லவே இவ்வளவு நேரம் முழுசினனீர்? அடுத்தமுறை வரேக்க புதுசு பூட்டித் தாறன். அலுமாரிக்குள்ளை, நெஞ்சுயரத்துக்கு. நீர் குனியவே தேவையில்லை.”

டேனிஷ் கடற்கரையில், எஸ்பியர்க் துறைமுகத்துக்குச் சற்று முன்னால், காற்று காரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த ஒரு மாசிமாதக் காலையில் நடந்த பேச்சு அது. சுஜீதா வீடு இருக்கும் வீபோர்க்கிலிருந்து இரண்டு மணிநேரம் ஓட்டி வந்ததே வேறொன்றைச் சொல்வதற்காகத்தான். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, கையில் அகப்பட்ட ஓவனைச் சொல்லிவிட்டாள். அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தோஷமாகக் கப்பலேறிப் போனான்.

தாரகனுக்குக் கடலில் நிற்கும் காற்றாலைகளைப் பழுதுபார்க்கிற வேலை. இரண்டு வாரம் கப்பலில், இரண்டு வாரம் வீட்டில். கல்யாணம் பேசிய காலத்தில், முதல் தொலைபேசிப் பேச்சிலேயே அவன் சொல்லியிருந்தான்: “கடல் வேலை எனக்கு உயிர். நாளைக்கு மறிக்கக் கூடாது.” மறிக்க மாட்டேன் என்று அவளும் யோசிக்காமல் வாக்குக் கொடுத்தாள். அப்போது மகள் சாரங்கி பிறக்கவில்லை. புயல் இரவுகளில் போனில் காற்றின் வேகத்தைப் பார்த்துக்கொண்டு விழித்துக் கிடப்பது எப்படியிருக்கும் என்றும் அவளுக்குத் தெரியாது. போன இலையுதிர்காலத்தில் அவனோடு வேலை செய்யும் ஒருவர் கோபுரத்துக்குள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். அன்றிலிருந்து, ‘இந்த வேலையை விடுங்கோ’ என்ற சொல் அவள் நாக்கு நுனியிலேயே இருந்தது. ஒவ்வொரு முறையும் அவன் புறப்படும்போது அது வெளியே வரப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது வந்து விழும். குழாய் ஒழுகுகிறது, ஜன்னல் இறுகிவிட்டது, ஓவன் பழசாகிவிட்டது. அவனும் கேட்டதையெல்லாம் செய்து கொடுத்துவிட்டுப் போய்விடுவான்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மாலையில் அவன் மறுபடியும் புறப்பட வேண்டும். கூட வேலை செய்யும் யெஸ்பர் காரோடு வந்து ஏற்றிப் போவான்.

புது ஓவன் குசினித் தரையில் அட்டைப்பெட்டியில்லாமல் பளபளத்துக்கொண்டு இருந்தது. வெள்ளிக்கிழமை எலெக்ட்ரீசியன் வந்து, பக்கத்து அலுமாரிக்குள் அதற்கென்று தனி இணைப்பு இழுத்துப் பிளக் பொயின்ற் வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த நேரம் சுஜீதா வேலையில் இருந்தாள். வயோதிபர் இல்லத்தில் பகல் முறை.

பிரச்சினை சனிக்கிழமை வந்தது. ஓவன் போகப்போகிற உயரமான அலுமாரியின் மேல் தட்டில்தான் அவர்களுடைய சாமிகள் இருந்தன. சின்ன வீடு. படுக்கையறையில் சாமி வைக்க மனமில்லை, ஹோலில் டீவி. ஆகவே பிள்ளையாரும் முருகனும் லட்சுமியும் குசினி அலுமாரியின் இரட்டைக் கதவுக்குப் பின்னால் குடியிருந்தார்கள். மாலையில் மட்டும் கதவு திறந்து விளக்கு வைப்பாள். பழைய ஓவன் எதிர்ப்பக்கச் சுவரில் அடுப்புக்குக் கீழே இருந்தபடியால் இதுவரை சிக்கல் இல்லை.

“இது என்ன, பின்னாலை இப்பிடி ஓட்டை?” என்று அவள் சாமித் தட்டின் பின்பக்கத்தைக் காட்டிக் கேட்டாள். நான்கு விரல் அகலத்துக்குத் தட்டு வெட்டப்பட்டிருந்தது.

“காத்துப் போறதுக்கு. சூடு அதாலை ஏறி மேலாலை வெளியிலை போகும்.”

“சூடு மட்டுமே போகும்? கோழி பொரிக்கிற மணம் நேரே முருகன்ரை மூக்குக்கல்லோ போகப்போகுது! விளக்கு வைக்கிற இடம். உதை அடைச்சு விடுங்கோப்பா.”

தாரகன் ஒரு கணம் அந்த இடைவெளியையே பார்த்தான். பிறகு பல்கனிக்குப் போய், ஒரு பலகைத் துண்டை அளவாக வெட்டிக்கொண்டு வந்து பொருத்தி, ஓரமெல்லாம் அலுமினிய டேப் ஒட்டினான்.

“சரி. முருகன்ரை மூக்கைப் பொத்தியாச்சு. திருப்தியோ?”

“திருப்தி,” என்றாள் அவள்.

ஞாயிறு மத்தியானம் தூக்குவதற்குச் சிவானந்தன் அண்ணை வந்தார். இரண்டு தெரு தள்ளியிருப்பவர், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. வரும்போதே இடுப்பில் அகலமான பட்டி கட்டியிருந்தார்.

“தம்பி, எனக்கு முதுகு இல்லை. கையும் வாயும்தான் கிடக்கு. வாயாலை தூக்கட்டோ?”

“வாயாலை தூக்கினால் ஓவன் கூரைக்குப் போடும் அண்ணை. நீங்கள் கையைத் தாங்கோ.”

பாரம் குறையட்டும் என்று ஓவனின் கதவை முதலில் கழற்றிச் சுவரில் சாய்த்தான் தாரகன். கதவு இருந்தால் அதன் கைபிடியில்தான் கை போகும், பிடி கையோடு வந்துவிடும். இருவரும் பக்கங்களில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அலுமாரி விளிம்பில் ஓவன் பாதி ஏறியபோது சிவானந்தனின் பக்கம் சரிந்தது. தாரகனின் விரல்கள் இரும்புக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன.

“ஐயோ, கை! கையை எடுங்கோ!” சுஜீதா ஓடிப்போய் அடியில் முழங்கையை முட்டுக் கொடுத்தாள்.

“தள்ளி நில்லும்! உம்மட காலிலை விழும்!”

“விழட்டும். நீங்கள் கையை எடுங்கோ முதல்!”

மூச்சைப் பிடித்து உந்தியதில் ஓவன் உள்ளே வழுகிப் போனது. தாரகன் விரல்களை உதறினான். தோல் உரிந்திருந்ததே தவிர எலும்புக்கு ஒன்றுமில்லை.

“கப்பலிலையும் இப்பிடித்தான் அவசரப்படுவீங்களோ?” என்று கேட்டாள் அவள்.

“கப்பலிலை பின்னாலை நிண்டு ஆரும் கத்திறேல்லை.”

“அதுதானே பிள்ளை,” என்றார் சிவானந்தன், பட்டியைத் தளர்த்திக்கொண்டு. “மனிசி கத்தாட்டி ஒரு வேலையும் சரி வராது. எனக்கு முதுகு போனதே என்ரை மனிசி ஊரிலை நிண்ட கிழமை.”

மட்டம் பார்த்து, பக்கத்துச் சட்டத்தில் நான்கு ஸ்க்ரூவையும் இறுக்கி, கதவை மாட்டி, பிளக்கைச் செருகினான் தாரகன். சின்ன நீல வெளிச்சம் வந்தது. முதல்முறை வெறுமையாக வைத்து உச்சச் சூட்டில் ஓட விட வேண்டும், தொழிற்சாலை எண்ணெய் எரிந்து மணக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று கூட வந்த புத்தகத்தில் எழுதியிருந்தது. வெளியே மழை சாய்வாக அடித்ததால் ஜன்னலை ஒரு விரல் அளவு மட்டும் திறந்தார்கள். சிவானந்தன் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். தாரகன் பை அடுக்க அறைக்குள் போனான்.

கொஞ்ச நேரத்தில் மணக்கத் தொடங்கியது. ஹோலில் படம் கீறிக்கொண்டிருந்த சாரங்கி மூக்கைப் பொத்தினாள்.

“அம்மா, டே ஸ்டெங்கர்!” நாறுகிறது என்று டேனிஷில் கத்தினாள்.

“முதல்தரம் நாறும்தான் குஞ்சு. புத்தகத்திலை போட்டிருக்கு,” என்று அறைக்குள்ளிருந்து தகப்பன் குரல் கொடுத்தான்.

மணம் கூடிக்கொண்டே போனது. முதலில் எண்ணெய் மணம். பிறகு பசை மணம். சுஜீதா இரண்டு தரம் ஓவனுக்கு முன்னால் வந்து நின்று பார்த்தாள். கண்ணாடிக்குள் ஒன்றும் இல்லை. கம்பித் தட்டு மட்டும் சிவந்த வெளிச்சத்தில் தெரிந்தது. புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று அவளும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். இன்னும் சிறிது நேரத்தில் யெஸ்பர் வந்துவிடுவான். அதற்கிடையில் சொல்லிவிட வேண்டும். எப்படித் தொடங்குவது? மறிக்க மாட்டேன் என்று சொன்னவள் எந்த முகத்தோடு மறிப்பது?

பையின் ஸிப் இழுபடும் சத்தம் கேட்டது. முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அவன் கடலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, திருநீறு பூசித்தான் அனுப்புவாள். அது ஒரு நாளும் தவறியதில்லை.

சாமி அலுமாரியின் கைபிடி சுட்டது. கீழே ஓவன் ஓடுகிறது, சுடத்தானே செய்யும் என்று நினைத்துக் கதவுகளை விரித்தாள். கற்பூர மணம் முகத்தில் அறைந்தது. ஒரு துண்டு கொளுத்தினால் வருகிற மணமல்ல, மூச்சை அடைக்கிற, கண்ணைக் கரிக்கிற மணம். முருகனுக்குப் போட்டிருந்த பிளாஸ்ரிக் மல்லிகைமாலை சோர்ந்து தொங்கியது. கற்பூர டப்பா ஒரு பக்கம் நெளிந்து, மூடி வாய் பிளந்து கிடந்தது.

ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. ஆனால் கை பழக்கத்தில் நெருப்புப்பெட்டியை எடுத்துக் குச்சியையும் எடுத்துவிட்டது.

“சுஜீ! கொளுத்தாதையும்!”

பையோடு வாசலில் நின்ற தாரகன் அதை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்ததில் குச்சிகள் தரையெங்கும் சிதறின.

“சாரங்கி! பல்கனிக்குப் போ! இப்ப, உடனே போ!”

பிள்ளை தகப்பனின் குரலைக் கேட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் ஓடினாள். அவன் ஓடிப்போய் மெயினை அணைத்தான். ஓவனின் நீல வெளிச்சம் போனது. ஜன்னலை விரியத் திறந்தான். மழை உள்ளே அடித்தது. பாத்திரம் துடைக்கும் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, முதலில் கற்பூர டப்பாவை வெளியே எடுத்து பல்கனி மூலையில் மழைக்குள் வைத்தான். பிறகு படங்கள். சட்டங்கள் அவ்வளவு சூடு. சுஜீதா ஒவ்வொன்றாக வாங்கி மேசையில் வைத்தாள். லட்சுமி படத்தின் பின்பக்க மட்டை மண்ணிறமாகியிருந்தது.

கடைசியாக அவன் ஸ்க்ரூட்ரைவரால் பின்னாலிருந்த பலகைத் துண்டை நெம்பினான். டேப்பின் பசை நூல் நூலாக இழுபட்டு வந்தது. பலகையின் கீழ்ப்பக்கம் கருகத் தொடங்கியிருந்தது.

ஓவன் மெல்லச் சடசடத்து ஆறியது.

“காத்துப் போக வழியில்லாமல் சூடு முழுக்க இந்தத் தட்டுக்குக் கீழை நிண்டிருக்கு,” என்றான் அவன். “கற்பூரம் ஆவியாகி அலுமாரி நிறைய நிண்டது. நீர் ஒரு குச்சி தட்டியிருந்தால் முகத்திலைதான் பத்தியிருக்கும்.”

“நான்தானே அடைக்கச் சொன்னனான்.”

“எலெக்ட்ரீசியன் வெள்ளிக்கிழமையே சொன்னவர். அந்த இடைவெளியை மட்டும் மூடக் கூடாது எண்டு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

“தெரிஞ்சுகொண்டு ஏன் மூடினனீங்கள்?”

“நீர் கேட்டீர்.”

“நான் கேட்டால்? நான் விசர்த்தனமாக் கேட்டால்? இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதோ?”

தாரகன் பலகையைக் கழுவுதொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டான். அவளுக்கு முதுகு காட்டியபடியே பேசினான்.

“கடலிலை ஒரு ஸ்க்ரூவைத் தொடுறதெண்டாலும் ரெண்டு பேர் பாத்து, சுவிச்சுக்குப் பூட்டுப் போட்டு, திருப்பியும் சோதிச்சுத்தான் கை வைப்பன். அங்கை ஆர் கேட்டாலும் ஏலாது எண்டு சொல்லுவன். இஞ்சை... பாதி நாளும் நான் வீட்டிலை இல்லை. சாரங்கிக்குப் பல்லு விழுந்ததையும் போனிலைதான் பாத்தன். நீர் வாய் திறந்து கேக்கிறதே ஏதோ ஒண்டு ரெண்டு. அதுக்கும் இல்லை எண்டு சொல்ல எனக்கு முகமில்லை, சுஜீ.”

சட்டைப்பையில் போன் அடித்தது. யெஸ்பர். கீழே வந்து நிற்கிறான். தாரகன் டேனிஷில் பத்து நிமிடம் தரச் சொல்லி வைத்தான்.

“ஓவனுக்குப் போற லைன் மட்டும் ஓஃபிலையே கிடக்கட்டும். எலெக்ட்ரீசியன் வந்து திருப்பிப் பாத்த பிறகு போடும். சாமியை ஹோலுக்குக் கொண்டுபோவம். டீவியை வேணுமெண்டால் அறைக்குள்ளை வைப்பம். நான் வந்து தட்டு அடிச்சுத் தாறன்.” தரையில் கிடந்த பையை எடுத்தான். “வேறை என்ன வேணும் எண்டு சொல்லும். வந்த உடனை செய்து தாறன்.”

சுஜீதா குனிந்து தரையில் சிதறிய குச்சிகளைப் பொறுக்கினாள். இவன் போன பிறகு விளக்கேற்றியிருந்தால்? அடுத்த வெள்ளிக்கிழமை ஓவனைப் போட்டுவிட்டு, பிள்ளையைக் குளிக்க வார்க்கப் போயிருந்தால்? ஆனால் அதைவிட வேறொரு பயம் பெரிதாக இருந்தது. அந்தச் சொல்லைச் சொன்னால், இவன் பலகை வெட்டியதைப் போல ஒரு கணம்தான் யோசிப்பான். பிறகு இல்லை என்று சொல்ல முகமில்லாமல் ஓம் என்பான். மனதுக்குள் எல்லாவற்றையும் அடைத்து வைத்துக்கொண்டு கரையில் இருப்பான். அந்த ஓம் அவளுக்கு வேண்டாம்.

பல்கனிக் கதவைத் தட்டிக்கொண்டு சாரங்கி, “அப்பா, உள்ளை வரட்டோ?” என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். பயந்தால்தான் அவளுக்குத் தமிழ் வரும்.

தாரகன் போய்க் கதவைத் திறந்து, நனைந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்தாள். ஒரு கையில் பிள்ளை, மறுகையில் பை.

“அப்ப போட்டு வாறன்,” என்றான்.

“நில்லுங்கோ.”

“யெஸ்பர் காவல் நிக்கிறான்...”

“நிக்கட்டும். பையைக் கீழை வையுங்கோ. ஒண்டு கேக்கப் போறன். கேட்ட உடனை ஓம் எண்டு சொல்லாதேங்கோ. இண்டைக்கு மறுமொழியே சொல்ல வேண்டாம். போய் ரெண்டு கிழமையும் யோசியுங்கோ. ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லுங்கோ. நான் கோவிக்க மாட்டன். முகத்துக்காக மட்டும் ஓம் சொல்ல வேண்டாம்.”

அவன் பையை வைத்தான். மேசையில் சாமிகள் ஆறிக்கொண்டிருந்தன. அவள் அவனுடைய தோல் உரிந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

“கடல் வேலையை விடுங்கோப்பா. கரையிலை ஒரு வேலை பாருங்கோ. எங்களோடை வீட்டிலை இருங்கோ.”