இருவரும் குனிகிற வணக்கம்

றீற்றா கொழும்பில் ஒரு ஜப்பானிய வணிக நிறுவனத்தில் ஏழு வருடம் வேலை செய்தவள். கடிதம் தட்டச்சுச் செய்யத்தான் போனாள். இரண்டு வருடத்தில் வெளிநாட்டு விருந்தினருக்குக் கூட்டம் ஒழுங்கு செய்கிறவளானாள். பிறகு, புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு யார் எங்கே உட்காருவது, யார் முதலில் பேசுவது, எப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்று சொல்லிக் கொடுக்கும் வேலையும் அவள் தலையில் வந்து சேர்ந்தது. போர் நிறுத்தம் வந்து ஒரு வருடம் ஆகப்போகிற நேரம், 2003 தை மாதத்தில் அவள் மட்டக்களப்புக்குத் திரும்பி வந்தாள். நல்ல வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்கு, கொழும்பில் இதைச் சொல்லிக் கொடுக்கப் பத்துப் பேர் இருக்கிறார்கள், இங்கே ஒருவரும் இல்லை என்று பதில் சொன்னாள். வயது முப்பத்திரண்டு. எடுத்த முடிவை இரண்டாம் தரம் யோசிக்கிற பழக்கம் அவளிடம் இல்லை.

புளியந்தீவில், வாவிப் பக்கம் ஜன்னல் வைத்த கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தைச் சுவாமியார் வகுப்புக்கு விட்டுக் கொடுத்தார். 'ஜப்பானியரோடு வியாபாரம் செய்வது எப்படி' என்று அவள் ஒட்டிய அறிவித்தலைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். வெட்டிய விறகைப் பட்டணத்துக்குக் கொண்டுவர நாலு இராணுவச் சோதனைச் சென்றியில் இறக்கி ஏற்ற வேண்டிய ஊரிலே ஜப்பானோடு வியாபாரமாம். ஆனாலும் முதல் நாளே பதினொரு பேர் வந்தார்கள். எல்லாரும் வளர்ந்தவர்கள், ஏதோ ஒரு தொழிலில் கை வைத்தவர்கள்.

அதில் மூத்தவர் கனகசிங்கம். பெரியகல்லாற்று மீனவர் சங்கத்தின் தலைவர், ஐம்பத்தைந்து வயது. அவருடைய ஆட்கள் வாவியில் பிடிக்கிற இறால் கொழும்புக்குப் போய், வேறு எங்கெங்கோ பிடித்த இறாலோடு கலந்து, வேறு யாருடைய பெயரிலோ கப்பலேறியது. அதை நேரே விற்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அவருக்குப் பக்கத்துக் கதிரையில் சித்தி நபீஸா இருந்தாள். காத்தான்குடிக்காரி, இருபத்தைந்து வயது. அவள் காக்கா என்று கூப்பிடுகிற அண்ணன் அஹமட் ஐஸ் ஆலையும் குளிரூட்டிய வேனும் வைத்திருந்தான். ஆங்கிலத்தில் எழுதுவதும் பேசுவதும் நபீஸாவின் பொறுப்பு. பெரியகல்லாற்று இறாலும் காத்தான்குடி ஐஸும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்த நாட்களில் அந்தத் தமிழ் ஊரும் அந்த முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று சந்தேகத்தோடுதான் பார்த்தன என்பதும் தெரியும். அதனால் அவர்கள் இறாலைப் பற்றியும் ஐஸைப் பற்றியும் மட்டும் பேசினார்கள்.

றீற்றா சுற்றி வளைக்காமல் பாடம் நடத்தினாள். பழைய காலண்டர் அட்டையை வெட்டி விசிற்றிங் காட் செய்வித்து, அதை இரண்டு கையாலும் கொடுக்கவும் இரண்டு கையாலும் வாங்கவும் பழக்கினாள். வாங்கியதும் பொக்கற்றுக்குள் திணிக்கக் கூடாது. பெயரை வாசித்து, மேசையில் கண்முன்னே வைக்க வேண்டும். கதவுக்குத் தூரமான கதிரை விருந்தினருக்கு. பத்து மணி என்றால் பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வாசலில் நிற்க வேண்டும். அவர்கள் 'யோசித்துப் பார்க்கிறோம்' என்று சொன்னால் அனேகமாக இல்லை என்று அர்த்தம் என்று அவள் விளக்கியபோது கனகசிங்கம் தலையை ஆட்டினார்.

"இது நம்மட 'பாப்பம்' தானே ரீச்சர். பொண்ணு கேட்டு வந்தவனுக்குப் பாப்பம் எண்டா, வேற வீடு பார் எண்டதுதான்."

வகுப்பே சிரித்தது. றீற்றா அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தன் குறிப்புப் புத்தகத்தில் 'பாப்பம்' என்று எழுதி வைத்தாள். ஏழு வருடத்தில் இத்தனை இலேசாக அதை அவளுக்கு ஒருவரும் விளக்கியதில்லை.

நாலாவது கிழமை குனிந்து வணங்குகிற பாடம். முதுகு நேராக, கை தொடையோடு, இடுப்பிலிருந்து வளைய வேண்டும். வாங்குகிறவரை விட விற்கிறவர் கொஞ்சம் கூடுதலாகக் குனிய வேண்டும். இரண்டு வரிசையாக எழும்பி நிற்கச் சொன்னாள். நபீஸா எழும்பினாள், ஆனால் குனியவில்லை. தான் இடுப்பை வளைப்பது தொழுகையில் மட்டும்தான், மனிதருக்கு முன்னால் அது முடியாது என்று அவள் மெதுவாக, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். அதற்கு என்ன செய்யலாம் என்று றீற்றா யோசித்துக்கொண்டிருக்கும்போதே கனகசிங்கம் கதிரையில் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"என்னாலயும் ஏலாது, ரீச்சர்."

ஏன் என்று அவள் கேட்டாள். அவர் வாவியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு இராணுவச் சுற்றிவளைப்பில், ஒரு மைதானத்தில், காலை தொடங்கி மத்தியானம் வரை அவரும் அவருடைய தம்பி இராசதுரையும் தலை குனிந்தபடி வரிசையில் நின்றார்களாம். சாக்கால் முகத்தை மூடிய தலையாட்டி ஒருவன் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தான். அவருக்கு முன்னால் அவன் தலை அசையவில்லை. தம்பிக்கு முன்னால் அசைந்தது. அதற்குப் பிறகு இராசதுரையை ஒருவரும் காணவில்லை.

"அண்டையோட குனியிறத விட்டுட்டன். வியாபாரத்துக்காகக் குனிஞ்சா அவன் முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

ஆறுதல் சொல்லத் தனக்குத் தகுதியில்லை என்று றீற்றாவுக்குத் தோன்றியது. அந்த வருடத்தில் அவள் கொழும்பில் மாமா வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தவள். தனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னாள்.

"அண்ணன், அங்க நீங்க குனிஞ்சீங்க, அவங்க நிமிர்ந்து நிண்டாங்க. இது அப்பிடியில்ல. இதில ரெண்டு பேரும் குனியிறது. ஒராள் குனிஞ்சு மற்றவர் சும்மா நிண்டா, மரியாதை கெட்டவர் அந்தச் சும்மா நிண்டவர்தான்."

சொல்லிவிட்டு அவள் அவருக்கு முன்னால் போய் நின்று, முதுகை நேராக வைத்து, நன்றாகக் குனிந்தாள். ஆசிரியை மாணவருக்கு முதலில் வணங்குகிற வழக்கம் அவள் குறிப்பில் எங்கும் இல்லை. கனகசிங்கம் எழும்பவில்லை. அவள் நிமிர்ந்து, அன்றைய பாடத்தை அத்தோடு முடித்தாள்.

அடுத்த வகுப்புக்கு அவர் வரமாட்டார் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் வழக்கத்தை விடக் கால் மணி நேரம் முந்தி வந்து வாசலில் நின்றார். றீற்றா படியேறும்போது, கொஞ்சம் கோணலாக, ஆனால் முழுதாகக் குனிந்தார். கையிலிருந்த புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவளும் குனிந்தாள்.

நபீஸாவின் விஷயத்துக்கு அவள் வேறு வழி கண்டாள். வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையை மட்டும் இலேசாகச் சாய்ப்பது. நபீஸாவே அதைச் செய்து காட்டினாள், நன்றாக இருந்தது. பாதிப் பழக்கத்தைப் பழகுவதை விட, நம்முடையதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மேல் என்று றீற்றா வகுப்புக்குச் சொன்னாள். இறால் வாங்க வரச் சம்மதித்திருந்த, கொழும்பிலுள்ள ஜப்பானியர் நிஷிகாவா என்பவருக்கு அவள் அனுப்பிய தொலைநகலில் நேரம், இடம், வருகிறவர்களின் பெயர் எல்லாம் எழுதி, கீழே இன்னொரு வரியும் சேர்த்தாள்: எங்கள் தரப்பில் வரும் பெண் ஒருவர் தன் முறையில் வணக்கம் சொல்வார், கை குலுக்கமாட்டார்.

சந்திப்பு பங்குனி மாதத்து ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு என்று முடிவானது. நிஷிகாவா செவ்வாய் பின்னேரமே பட்டணத்துக்கு வந்து விடுதியில் தங்கினார். அவர் வந்த அதே பின்னேரம், மறுநாள் ஹர்த்தால் என்று துண்டுப் பிரசுரம் வந்தது. றீற்றா தெருமுனையில் தொலைபேசி எடுக்கிற கொமினிகேசன் கடைக்கு ஓடிப் போய்ப் பெரியகல்லாற்றுக்கு எடுத்துப் பார்த்தாள். இணைப்புக் கிடைக்கவில்லை. காத்தான்குடியிலும் மணி அடித்துக்கொண்டேயிருந்தது, யாரும் எடுக்கவில்லை.

புதன் காலை தெருவில் ஒரு சைக்கிள் கூட இல்லை. கல்லடிக்கு அங்கால் ரயர் எரிகிறது, வாகனம் விடமாட்டார்கள் என்று கோயில் காவலாளி யாக்கோப்பு வந்து சொன்னார். றீற்றா எட்டு மணிக்கே மண்டபத்தைத் திறந்து கூட்டினாள். கதவுக்குத் தூரமான கதிரையைத் துடைத்து வைத்தாள், எதிரே மூன்று கதிரை போட்டாள், தண்ணீர்க் கிளாசுகளைக் கவிழ்த்து வைத்தாள். வராவிட்டால் என்ன சொல்வது என்று யாக்கோப்பு கேட்டார். வருவார்கள் என்றாள் றீற்றா. அந்தப் பதிலுக்கு அவளிடம் ஆதாரம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் கனகசிங்கத்தை அவள் இரண்டு மாதமாகப் பார்த்திருக்கிறாள்.

ஒன்பதரைக்கு ஜன்னலுக்கு வெளியே எஞ்சின் சத்தம் கேட்டது. வாவியில் ஒரு வள்ளம் கரையை நோக்கி வந்தது. முன்பக்கத்து அணியத்தில் கனகசிங்கம், வெள்ளைச் சேட்டும் சப்பாத்தும் போட்டு, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நின்றார். நடுவில் நபீஸாவும் அஹமட்டும், அவர்களுக்கு இடையில் இறாலை ஐஸ் போட்டு வைத்த வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்று. பெரியகல்லாற்றிலிருந்து ஐந்தரை மணிக்கு வெளிக்கிட்டு, காத்தான்குடி வாவிக்கரையில் வள்ளத்தை ஒதுக்கி, அண்ணன் தங்கை இருவரையும் புது ஐஸையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஒரு தமிழருடைய வள்ளம் விடியற்காலையில் தங்கள் கரையில் நிற்பதைப் பார்த்துச் சனம் கூடிவிட்டதாகவும், அஹமட் முன்னுக்கு வந்து, இவர் நம்மட ஆள் என்று சொன்ன பிறகே வழி விட்டதாகவும் நபீஸா பிறகு சொன்னாள். வழியில் ஒரு சென்றியில் மறித்தபோது கனகசிங்கம் தன் அடையாள அட்டையை இரண்டு கையாலும் நீட்டினாராம். அந்தச் சிப்பாயும் யோசிக்காமல் இரண்டு கையாலும் வாங்கினானாம்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் நிஷிகாவா வந்தார். மெலிந்த, நரைத்த மனிதர். அவர் படியேறி வந்தபோது அஹமட் பெட்டியோடு சுவரோரம் நின்றான். மற்ற மூவரும் வாசலில் நின்றார்கள். அவர் கனகசிங்கத்துக்குக் குனிந்தார், கனகசிங்கம் குனிந்தார். நபீஸாவின் முன் வந்ததும் அவர் நின்று, தன் வலது கையை நெஞ்சில் வைத்துத் தலை சாய்த்தார். விடுதி அறையில் பழகிப் பார்த்திருப்பார் போல, அவ்வளவு கவனமாகச் செய்தார். நபீஸாவின் முகம் மலர்ந்தது.

பெட்டியைத் திறந்து இறாலை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். தலைப்பக்கம் அழுத்தினார், மணந்தார், சின்ன அளவுகோலால் அளந்தார். அரை மணி நேரம் ஒரு சொல் இல்லை. இப்படித்தான் இருக்கும், பதறாதீர்கள் என்று றீற்றா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். தூண்டில் போட்டுப் பழகிய கனகசிங்கத்துக்கு அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. பிறகு நிஷிகாவா கையைத் துடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார். கிழமைக்கு இருநூறு கிலோ, ஒரு கிழமையும் தவறாமல், தர முடியுமா?

றீற்றா மொழிபெயர்த்தாள். ஓம் என்று சொல்ல அஹமட் வாயெடுத்ததைக் கண்டாள். கனகசிங்கம் கையைச் சற்று உயர்த்தி அவனை மறித்தார்.

"ஏலாது எண்டு சொல்லுங்க, ரீச்சர். இருநூறு கிலோ பிடிப்பம். ஒரு கிழமையும் தவறாம எண்டது நம்மட கையில இல்ல. பாதையப் பூட்டினா பூட்டினதுதான். ஆனா வராத நாளைக்கு வராது எண்டு காலம்பற ஏழு மணிக்கு முதல் கூப்பிட்டுச் சொல்லுவன். அது என்ர கையில இரிக்கி."

ஏழு வருடத்தில் எத்தனையோ பேர் எதற்கெல்லாமோ ஓம் சொன்னதை றீற்றா கேட்டிருக்கிறாள். இப்படி ஒருவர் முகத்துக்கு நேரே ஏலாது என்று சொன்னதை ஜப்பானியருக்கு எப்படிச் சொல்வது? இதமாக்கிச் சொல்ல அவளுக்கு நூறு வழி தெரியும். ஒன்றையும் எடுக்காமல், அவர் சொன்னபடியே சொன்னாள்.

நிஷிகாவா, வந்தபோது கனகசிங்கம் கொடுத்த விசிற்றிங் காட்டை மேசையில் கண்முன்னே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நபீஸா ஏதோ விளக்கம் சொல்லப் போனாள். றீற்றா மேசைக்குக் கீழே அவளுடைய கையைப் பிடித்தாள். ஜன்னலுக்கு வெளியே வள்ளம் கரையில் மெல்ல மெல்ல இடித்தது. கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டார். இன்றைக்குப் பாதை பூட்டியிருக்கிறதே, எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள்?

ஐந்தரைக்கு என்றார் கனகசிங்கம். ஏன் அவ்வளவு வெள்ளென என்று கேட்டார் அவர்.

"பத்து மணி எண்டுதானே பேசினது?"

றீற்றா அதைச் சொல்லி முடித்ததும் நிஷிகாவா எழும்பினார். வாங்குகிறவர், வயதிலும் மூத்தவர். அவர் முதலில் குனிந்தார், விற்கிறவரை விட ஆழமாக. கனகசிங்கம் மேசையைச் சுற்றி வந்து, அவருக்கு எதிரே நின்று, நேராகக் குனிந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். றீற்றாவின் கண் கலங்கியது; அதை மறைக்க அவள் தண்ணீர்க் கிளாசுகளை நிமிர்த்தத் தொடங்கினாள்.

அன்றைக்கு ஒப்பந்தம் ஒன்றும் கையெழுத்தாகவில்லை. மூன்று கிழமைக்குப் பரீட்சார்த்தமாகக் கிழமைக்கு அறுபது கிலோ என்று பேசினார்கள். முதல் கிழமையும் இரண்டாம் கிழமையும் அஹமட்டின் வேன் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் கிழமை பாதையைப் பூட்டிவிட்டார்கள். கனகசிங்கம் கொமினிகேசன்காரரை எழுப்பிக் கடையைத் திறப்பித்து, ஏழு மணிக்கு இருபது நிமிடம் இருக்கையில் கொழும்புக்கு எடுத்து, இன்றைக்கு வராது என்று நபீஸா எழுதிக் கொடுத்த ஒரு வரி ஆங்கிலத்தில் சொன்னார். மறுபக்கம் நன்றி சொல்லி வைத்தார்கள். ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை தொலைநகல் வந்தது. கிழமைக்கு இருநூறு கிலோ, பாதை திறந்திருக்கும் கிழமைகளில்.

பதில் எழுதித் தர வேண்டும் என்று இரண்டு பேரும் மண்டபத்துக்கு வந்தார்கள். றீற்றா பேனாவை எடுக்கவில்லை. கனகசிங்கம் தமிழில் சொல்லச் சொல்ல நபீஸா ஆங்கிலத்தில் எழுதினாள். பருவத்தை விசாரித்துத் தொடங்கி, வாவியில் இப்போது தண்ணீர் வற்றுகிற காலம், இறால் பருத்திருக்கிறது என்று சொல்லி, பிறகு விஷயத்துக்கு வந்திருந்தார்கள். றீற்றா வாங்கி ஒருமுறை வாசித்தாள், திருத்த ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு நேரமும் இல்லை. வாழைச்சேனையில் புது வகுப்புக்கு இருபத்திமூன்று பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். மத்தியானப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.