மூன்றாம் தடவை கேட்டால்தான்

வெள்ளையனுக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும். மங்கலத்தில் தறிக்கூடத்தை ஒட்டிய ஒற்றை அறையில்தான் குடியிருந்தான். அவனுடைய கைக்குழந்தை கண்ணயர்ந்தால் போதும், தறிச் சத்தத்தில் திடுக்கிட்டு வீரிடும். பனியன் கம்பெனியில் ஆபீஸ் வேலை கிடைத்தால் திருப்பூர் ராயபுரத்துக்குக் குடி போய்விடலாம். மனைவி மயிலாள் பாத்திரங்களைக்கூட மூட்டை கட்டி வைத்துவிட்டாள்.

வெளிநாட்டுக்காரர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கிற வேலை. 1989-இல் அதற்கு ஆள் தேடாத கம்பெனியே திருப்பூரில் இல்லை. முதலாளி சென்னியப்பனுக்கு ஆங்கிலம் அரைகுறை. அதனால் ஆளைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பை ஜெர்மனியிலிருந்து ஆர்டர் கொடுக்க வந்திருந்த ஹெல்முட் துரையிடமே விட்டுவிட்டு, காப்பி பிளாஸ்க்கோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இண்டர்வியூ பிரமாதமாகப் போனது. வெள்ளையன் கை கொடுத்தான். கண்ணைப் பார்த்துப் பேசினான். சாயம் ஏன் போகிறது என்று கேட்டதற்கும் பதில் சொன்னான். ஹெல்முட் முகம் மலர்ந்து, “திங்கட்கிழமையிலிருந்து எங்களோடு வேலை செய்ய விருப்பமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“நோ, நோ சார்! பரவாயில்லை சார்!” என்றான் வெள்ளையன்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை, வளர்ந்த விதம் அப்படி. எங்கள் பக்கத்தில் யார் எதை நீட்டினாலும் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை கையைப் பிடித்துத் திணித்தால் போனால் போகிறதென்று வாங்கிக்கொள்ளலாம். கேட்டதும் கையை நீட்டுகிறவனைப் பஞ்சத்தில் அடிபட்டவன் என்பார்கள். ஒரு வாய்க் காப்பிக்கே இத்தனை பிகு என்றால், இவ்வளவு பெரிய வேலையை எடுத்த எடுப்பிலேயே ஏற்றுக்கொள்வானா?

ஹெல்முட்டின் ஊரில் ஒரு தடவைதான் கேட்பார்களாம். “ஓகே, நன்றி” என்று ஃபைலை மூடிவிட்டார்.

வெள்ளையன் நாற்காலியை விட்டு எழுந்தான். இரண்டாம் தடவை வரும் வரும் என்று சற்று நேரம் நின்று பார்த்தான். வரவில்லை.

நடந்தது எதுவும் புரியாத சென்னியப்பன் துரையின் டம்ளரில் காப்பி ஊற்றப் போனார்.

“நோ, தேங்க் யூ” என்றார் ஹெல்முட்.

“அட, சும்மா குடிங்க சாமி” என்று சென்னியப்பன் வழிய வழிய ஊற்றினார். ஹெல்முட் விளக்கெண்ணெய் குடிக்கிற முகத்தோடு குடித்தார்.

வாசல்வரை போன வெள்ளையன் அதைப் பார்த்துத் திரும்பி வந்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. குழந்தையை நினைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேவிட்டான்.

“சார், நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள், முதலாளி ஊற்றுகிறார். அதுதான் எங்கள் வழக்கம். நானும் வேண்டாம் என்றேன். நீங்கள் ஏன் சார் ஊற்றவில்லை?”

ஹெல்முட் டம்ளரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு காப்பி சட்டையில் சிந்தச் சிந்தச் சிரித்தார்.

“சரி. வேலை வேண்டுமா?”

“வேண்டும் சார்.”

“அப்படியானால் உன் முதல் வேலை இது. எனக்கு உண்மையிலேயே காப்பி வேண்டாம் என்று இவரிடம் சொல்.”

வெள்ளையன் முதலாளி பக்கம் திரும்பினான். “ஏனுங்க, அவருக்கு நெசமாவே காப்பி போதுமாமுங்க.”

“அவரு அப்படித்தான் சொல்லுவாரு கண்ணு. நாமதான் விடாம குடுக்கோணும்” என்று சென்னியப்பன் மறுபடியும் பிளாஸ்க்கைச் சாய்த்தார்.

வெள்ளையன் சட்டென்று ஒரு காலி டம்ளரை எடுத்துக் குறுக்கே நீட்டினான்.

“எனக்கு ஊத்துங்க” என்றான்.

யாரும் உபசரிக்காமல் தனக்கென்று அவன் வாய்விட்டுக் கேட்டது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.